இன்னொரு தடவை சொல்லு

நான் எடுப்பது படம் அல்ல, படம் எடுக்கிறவர்களைப் பற்றிய படம். அதிலும் ஒரு கிறுக்கு விதி வைத்திருந்தேன். பெரிய கேமரா நின்ற பிறகுதான் என் கேமரா ஓடும். ‘கட்’ சொன்ன பிறகுதான் உண்மை தொடங்குகிறதாம்! ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன். என் வாயில் மண்ணைத்தான் போடவேண்டும்.

என் அண்ணன் சண்டைக் காட்சிகளுக்குக் கயிறு கட்டுகிறவன். செவ்வாய்க்கிழமை கயிறு அறுந்து, தொங்கிய சண்டைக்காரருக்கு இடுப்பு முறிந்துவிட்டது.

“கயிறு நைஞ்சிருக்கு, மாத்தாம யாரையும் ஏத்தாதீங்கன்னு காலையிலேயே சொன்னேனே” என்றான் அண்ணன்.

“விளையாட்டுக்குச் சொன்னான்னு நினைச்சேன்” என்றார் சண்டை மாஸ்டர்.

மறுநாள் தயாரிப்பு மேனேஜர் அறையில், செவ்வாய் காலை நான் எடுத்துத் தொகுத்து வைத்திருந்த காட்சியைப் போட்டார்கள். அண்ணன் அதே வார்த்தைகளைச் சொல்கிறான், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு. மாஸ்டரும் சிரித்து அவன் தோளில் தட்டிவிட்டுப் போகிறார்.

“இதுவாய்யா எச்சரிக்கை?” என்றார் மேனேஜர். “வெள்ளிக்கிழமை முடிவு சொல்றேன். தப்பு உன்னோடதுன்னு ஆச்சுன்னா, இனிமே எந்தப் படத்துலயும் கயிறத் தொட முடியாது, பாத்துக்க.”

அண்ணன் வாயே திறக்கவில்லை. நானும்தான் திறக்கவில்லை. பயம். வேறென்ன?

வெள்ளிக்கிழமை, வெட்டாத மூலப்பதிவை அதே அறைக்கு எடுத்துப் போய் எல்லார் முன்னாலும் நானே ஓடவிட்டேன். அதில் முதலில் அண்ணன் கடுகடுவென்று சொல்கிறான். மாஸ்டர் முகம் மாறி, கயிற்றை நோக்கித் திரும்புகிறார். அப்போது கேமராவுக்குப் பின்னால் என் குரல்: “அண்ணா, மூஞ்சி இருட்டா இருக்கு. இப்படி வெளிச்சத்துக்கு வந்து இன்னொரு தடவை சொல்லு. உர்ருன்னு இருக்காத, கொஞ்சம் சிரிச்சுக்கிட்டே.”

தங்கை கேட்டால் மறுக்கத் தெரியாதவன். வந்து நின்று, சிரித்துக்கொண்டே சொன்னான். கயிற்றைப் பார்க்கத் திரும்பிய மாஸ்டரும் சிரித்துவிட்டு அப்படியே போய்விட்டார். என் குரலை வெட்டி எறிந்தவளும் நான்தான்.

மாஸ்டர் தரையைப் பார்த்தார். அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அப்ப நான் விளையாட்டாச் சொல்லலையா, பாப்பா?” என்றான். “நீ போட்டதப் பாத்துட்டு, நாந்தான் சிரிச்சுக் கெடுத்துட்டேன்னு நினைச்சேன். நேத்து ஆஸ்பத்திரிக்குப் போய், எல்லாம் என்னாலதான்னு அடிபட்டவர் பொண்டாட்டி கால்ல விழுந்துட்டு வந்தேன்.”