பழைய சீட்டு

டாக்டரிடம் போவதென்றாலே எனக்கு எரிச்சல். லோடு ஆட்டோவை நிறுத்திவிட்டு, டோக்கன் வாங்கி, அரை நாள் காத்துக் கிடந்தால் அதே மாத்திரையைத்தான் எழுதிக் கொடுப்பார்கள். அதற்கு எதற்கு மெனக்கெட வேண்டும்? பழைய சீட்டைக் காட்டினால் மூலக்குளத்து மருந்துக் கடையில் கொடுத்துவிடுகிறார்கள். இந்த அறிவாளித்தனத்தால்தான் என் மனைவி பூர்ணிமாவின் வலது கை போனது.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவளுக்குக் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வந்தன. சேதராப்பட்டு கம்பெனியில் நாள் முழுக்கப் பேக்கிங் செய்கிறவள், பிள்ளைக்குத் தலை வாரக்கூட முடியாமல் அழுதாள். மூட்டு டாக்டர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்து முடக்குவாதம் என்றார். பத்து நாளைக்கு மாத்திரை எழுதி, முடிந்ததும் வந்து காட்டச் சொன்னார். மூன்றாம் நாளே பூர்ணிமா எழுந்து வேலைக்குக் கிளம்பிவிட்டாள். பிறகு யார் போய்க் காட்டுவார்கள்?

மாத்திரையை நிறுத்தினால் வலி வரும். வந்தால் நான் சீட்டோடு கிளம்புவேன். மடிப்பில் கிழிய ஆரம்பித்ததும் அதை லேமினேஷன் வேறு போட்டுக்கொண்டேன். அவள் முகம் பூசினாற்போல் ஆகிக் கன்னம் மினுமினுத்தது. "கல்யாணத்தப்ப ஈர்க்குச்சி மாதிரி இருந்த, எல்லாம் என் கைராசி" என்று கிண்டல் செய்வேன்.

இந்த வருடம் அவளுடைய வலது கைச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கிக்கொண்டன. எந்த மாத்திரைக்கும் நிமிரவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். தோல் பிரிவுக்கு அனுப்பினார்கள். எரிச்சலோடுதான் போனேன்.

அங்கே சுடர்விழி என்ற சின்ன வயசு டாக்டர், விரலை விட்டுவிட்டு முதலில் காது மடலைத் தடவினார். முழங்கைக்குப் பின்னால் அழுத்திப் பார்த்தார். பூர்ணிமாவைக் கண்ணை மூடச் சொல்லி, "நான் தொட்டா சொல்லுங்க" என்று பேனா முனையால் அந்தக் கையைத் தொட்டார். ஆறு தடவை தொட்டதை நான் எண்ணினேன். அவள் இன்னும் தொடவில்லையே என்று பொறுமையாகக் காத்திருந்தாள்.

காது மடலில் கீறி எடுத்துச் சோதித்து, ஒரு வாரம் கழித்துச் சொன்னார்கள். தொழுநோய்.

"சில பேருக்கு முடக்குவாதம் மாதிரியேதான் வரும். ரத்தப் பரிசோதனைகூட ஏமாத்திடும்" என்றார் டாக்டர். "நீங்க வாங்கிக் குடுத்த மாத்திர வீக்கத்த அமுக்கும், முகத்த உப்ப வைக்கும், கிருமியக் கொல்லாது. நரம்பு உள்ளுக்குள்ள போயிட்டே இருந்திருக்கு. அப்பப்ப வந்து காட்டியிருந்தா யாராச்சும் கண்டுபுடிச்சிருப்பாங்க."

"கை சரியாயிடுமா மேடம்?"

"ஒரு வருஷம் மருந்து சாப்ட்டா நோய் போயிடும். ஆபரேஷன் பண்ணா விரல ஓரளவுக்கு நிமித்தலாம். உணர்ச்சி திரும்பும்னு என்னால சொல்ல முடியாது."

மருந்து வாங்கும் இடத்தில் பெஞ்சில் உட்கார்ந்தோம். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"நீங்க அலைஞ்சி அலைஞ்சி மாத்திர வாங்கியாரலன்னா, இந்த மூணு வருஷமும் வலியிலயே செத்திருப்பேன்" என்றாள்.

செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பெஞ்சின்மேல் கிடந்த அவள் வலது கையைப் பற்றி இறுக்கிக்கொண்டேன். அவள் எண் கூப்பிடும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து, திரும்பாமலே சொன்னாள்:

"ஏங்க, எனக்குப் பயமா இருக்கு. கையக் கொஞ்சம் புடிச்சிக்கிங்களேன்."