தழும்பு இல்லாத சாட்சியம்

1.

இந்தக் கதை களவெடுத்தது. தென் லண்டனில், மோர்டனில் ஒரு பிறந்தநாள் விழாவில் சாப்பாட்டு மேசையில் ரோல்ஸ் எடுக்க வரிசையில் நின்றபோது, முன்னால் நின்ற பெண் தோழியிடம் சொன்னார்: “பார்லிமெண்டிலை கதைக்க மூண்டு நிமிசம் தந்திருக்கினம். பிள்ளையின்ரை மருந்து விசயமா.” அதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது. மிச்சமெல்லாம் என் கைவேலை.

முதல் தொடக்கம்: “சிவகௌரி அழுதுகொண்டே மடிக்கணினியைத் திறந்தாள்.” (வெட்டிவிட்டேன். பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் எட்டு மணி நேரம் சிரித்துவிட்டு வந்தவள். முகத்தில் வேறு எதற்கும் தெம்பில்லை.)

இரண்டாவது: “தேம்ஸ் நதி அமைதியாக ஓடிக்கொண்டிரு–” (மோர்டனிலிருந்து தேம்ஸ் தெரியாது.)

2.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சிவகௌரியின் மகள் லக்‌ஷிகாவுக்குப் பதினான்கு வயது. பிறந்தபோது பையன் என்று பதிந்தார்கள்.* உடலில் ஆண் பருவ மாற்றங்களைத் தள்ளிப்போடும் மருந்து கிடைக்கும் என்று பதினொரு வயதில் காத்திருப்போர் பட்டியலில் சேர்ந்தாள். அவள் முறை வருமுன் அந்த மருந்துக்கு அரசு தடை போட்டுவிட்டது. அந்தத் தடை சரியா என்று கேட்க ஒரு நாடாளுமன்றக் குழு கூடுகிறது. (தடை நாட்டில் இருப்பது. குழு நான் கூட்டியது.)

மூன்று வாரத்துக்கு முன் லக்‌ஷிகாவின் குரல் ஆண்குரலாக உடையத் தொடங்கியது. அன்றிலிருந்து அவள் வாய் திறப்பதில்லை. மாடியிலிருந்து கீழே இருக்கும் தாய்க்கு மெசேஜ்தான்: “அம்மா, தேத்தண்ணி.”

சாட்சி சொல்லச் சிவகௌரிக்கு மூன்று நிமிடம் தந்த குழு ஓர் அறிவுறுத்தல் தாளும் அனுப்பியிருந்தது. உணர்ச்சிவசப்படாமல் பேசவும். சொந்த அனுபவத்தை மனதைத் தொடும்படி சொல்லவும். இரண்டும் அடுத்தடுத்த வரியில் இருந்தன.

* பழைய பெயர் எனக்குத் தெரியும். சொல்வதாக இல்லை.

3.

சிவகௌரி நோர்பரிக்குப் போனாள், வைத்தியநாதனிடம். தென் லண்டன் தமிழரில் பாதிப்பேருக்கு அகதி வாக்குமூலம் எழுதிக்கொடுத்த மனிதர். அவளுக்கும் அவர்தான் எழுதினார். முதல் தடவை அவள் ஊரில் தனக்கு நடந்த சித்திரவதையை நடந்தபடி சொன்னாள். தழும்பு எங்கே என்று கேட்டார் குடிவரவு அதிகாரி. இல்லை என்றதும் நிராகரித்தார். மேன்முறையீட்டின்போது வைத்தியநாதன் அவள் முழங்காலில் ஒன்றைக் கண்டுபிடித்தார். சொன்னதெல்லாம் உண்மை, தழும்பு மட்டும் சைக்கிளால் விழுந்து வந்தது.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு, குழுவுக்காக அவள் எழுதியதை வாசித்தார்.

“பிள்ளை, இது காணாது, இன்னும் வேணும். கதைக்காமல் இருக்கிறாள் எண்டால் நல்ல அடக்கமான பிள்ளை எண்டு நினைப்பினம்.”

“அதுதானே அண்ணை நடந்தது.”

“ஆஸ்பத்திரியிலை வைச்சிருந்தவையோ?”

“இல்லை.”

“ஒரு பதினொரு நாள் போடுவம். பத்தெண்டால் நம்பமாட்டினம்.”

சிவகௌரி தலையாட்டினாள். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. உண்மையை மட்டும் கொண்டுபோய் ஒருமுறை தோற்றவள் அவள்.

4.

வரைவை மகளுக்கு அனுப்பினாள். மாடியிலிருந்து பதில் வந்தது (ஆங்கிலத்தில், தமிழ் என்னுடையது): “அம்மா, யார் இந்தப் பிள்ளை? பாவம். எனக்கு இவளைத் தெரியாது.”

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பதினொரு நாளைப் போட்டது வைத்தியநாதன் அல்ல, நான். ஒரு குரல் உடைவது மட்டும் கதைக்குக் காணாது என்று நினைத்தேன். பழியை அந்த மனிதரின் தலையில் கட்டிவிட்டேன். நீங்களும் ஆஸ்பத்திரி என்றதும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள், இல்லையா?

5.

முடிவு அ: சிவகௌரி பதினொரு நாளை வாசிக்கிறாள். ஓர் உறுப்பினர் கண்ணைத் துடைக்கிறார். பக்கத்தில் இருப்பவர் ஆஸ்பத்திரிக் கடிதம் கேட்கிறார். (வேண்டாம்.)

முடிவு ஆ: தடை நீங்குகிறது. எல்லோருக்கும் ரோல்ஸ். (எனக்கே நம்பிக்கை வரவில்லை.)

முடிவு இ: சிவகௌரி கதிரையை விட்டு எழு–

உண்மையில் அவள் செய்தது இவ்வளவுதான். பதினொரு நாளை அழித்தாள். மிஞ்சியது நான்கு வரி. படிக்கட்டின் அடியில் நின்று அதைச் சத்தமாக வாசித்தாள்:

“என் மகள் மூன்று கிழமையாகப் பேசவில்லை. தன் குரலைத் தானே கேட்க அவளால் முடியவில்லை. மாறியது இனிப் பழையபடி ஆகாது. மிச்ச மாற்றங்களைத் தள்ளிப்போட ஒரு மருந்து இருக்கிறது, அதை நீங்கள் தடுத்திருக்கிறீர்கள்.”

பிறகு கேட்டாள்: “இதை நான் அங்கை சொல்லலாமோ, லக்‌ஷி?”

போன் சத்தம் போடவில்லை. மேலே கதவு திறந்தது.

“ஓம், அம்மா.”

அந்தக் குரலை நான் வர்ணிக்கப் போவதில்லை. அவள் அதைத் தாய்க்குத்தான் கொடுத்தாள். சிவகௌரி அழுதாள். முதல் பக்கத்தில் வெட்டிய வாக்கியத்தை இங்கே ஒட்டிக்கொள்ளுங்கள்.

6.

குழுவின் முன் அவள் வாசித்து முடிக்க நாற்பது விநாடி எடுத்தது. இரண்டு நிமிடம் இருபது விநாடி மிச்சம் இருக்கிறது.

மேசைக்கு அந்தப் பக்கம் நான் யாரையும் எழுதவில்லை. கதிரைகள் காலியாகத்தான் இருக்கின்றன. வாருங்கள், உட்காருங்கள்.

அவளிடம் காட்டத் தழும்பு எதுவும் இல்லை. என்ன கேட்கப் போகிறீர்கள்?