சாட்சி மேசையில் வைத்த மாத்திரைகள்

நான் கையெழுத்துப் போட்ட காகிதத்தை ஒருவர் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து ஆட்டுவதை அந்த ஞாயிற்றுக்கிழமைதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

“கிருமி காணப்படவில்லை!” என்று போதகர் வாசித்தார். ஒலிபெருக்கி கீச்சிட்டது. மறுபடி வாசித்தார். மூன்றாம் முறை கைகளை அகல விரித்துக்கொண்டு வாசித்தார். “ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ரத்தமாத் துப்பின மனுஷன்! கர்த்தர் செஞ்சதை இன்னைக்கு விஞ்ஞானமே கையெழுத்துப் போட்டு ஒத்துக்குது!”

சபை முழுவதும் ஆமென் என்றது. இரண்டு நொடி கழித்து முன்வரிசையிலிருந்து ஓய்வு பெற்ற தபால்காரர் தனியாக ஓர் ஆமென் சொன்னார். மூன்று வாரத்துக்கு முன்பு தன் காதுக்கருவியைக் கழற்றிச் சாட்சி மேசையில் வைத்துவிட்டவர் அவர். அன்றிலிருந்து அடுத்தவர் வாய் அசைவதைப் பார்த்துத்தான் ஆமென் சொல்கிறார்.

சாட்சி மேசை எங்கள் சபையின் வழக்கம். பிரசங்க மேடைக்குக் கீழே வெள்ளைத் துணி விரித்த நீள மேசை. குணமாகிவிட்டோம் என்று நம்புகிறவர்கள், இனித் தேவையில்லாத பொருளைக் கொண்டுவந்து அதில் வைப்பார்கள். ஊன்றுகோல், முழங்கால் பட்டை, மூக்குக்கண்ணாடி எல்லாம் அந்தத் துணியில் கிடந்து பார்த்திருக்கிறேன்.

மேடையில் நின்றவன் என் தம்பி. வெல்டர். முழங்கை வரைக்கும் தீப்பொறி தின்ற தழும்புகள். பாடகர் குழுவில் அடிக்குரல் அவனுடையது. அவன் வாயைத் திறந்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும் என்பதால் எல்லோரும் அவனை ‘இடி’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் கையில் ஒரு பை இருந்தது. காசநோய்க்கு ஆறு மாதம் விழுங்க வேண்டிய மாத்திரையில் இரண்டு மாதம் முடிந்து, மூன்றாம் மாதத்து அட்டைகளை முந்தின நாள்தான் வாங்கிப்போயிருந்தான். அந்தப் பையை வெள்ளைத் துணிமேல் வைத்தான்.

நான் எழுந்துவிட்டேன். “வேண்டாம்டா” என்று கத்தத்தான் எழுந்தேன்.

“இதோ, இவரோட சொந்த அக்கா!” என்று போதகர் என்னைக் கைகாட்டினார். “அந்தப் பரிசோதனைக் கூடத்துல வேலை செய்ற சகோதரி. அவங்களே எழுந்து நிக்கிறாங்க பாருங்க!”

முந்நூறு பேர் எனக்காகக் கைதட்டினார்கள். அந்தச் சத்தத்தில் வார்த்தை வராமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் வாழ்நாளில் நான் சொன்ன மிகப் பெரிய பொய், நான் ஒரு வார்த்தையும் பேசாமல் சொன்னதுதான்.

ஆராதனை முடிந்ததும் அவனைச் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் மடக்கினேன்.

“மூளை இருக்காடா உனக்கு? போய் அந்தப் பைய எடுத்துட்டு வா.”

“ஆண்டவர் முன்னாடி வெச்சத எப்படிக்கா எடுக்கிறது? நீயே விசுவாசிதானே.”

“இன்னும் நாலு மாசம் இருக்குடா. பாதியில விட்டா அது திரும்பி வரும். வந்தா இந்த மாத்திரைக்கு அடங்காது. உன் பொண்ணு தினமும் எங்க தூங்குறா?”

அவன் மகளுக்கு நான்கு வயது. அப்பாவின் நெஞ்சில் காது வைத்து, “அப்பா, இடி இடி” என்று சொன்னால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். நோய் தெரிந்தபோது இரண்டு வாரம் தள்ளிப் படுக்க வைத்ததற்கே வீட்டை ரெண்டாக்கிவிட்டாள்.

தம்பி என்னை நேராகப் பார்த்தான். “நீதானேக்கா போன்ல சொன்ன? ‘ஆண்டவர் செஞ்சிட்டார்டா, உனக்கு ஒண்ணுமே இல்ல’ன்னு. நீ அழுதுக்கிட்டே சொன்ன. இப்ப மாத்திப் பேசுற.”

சொன்னேன்தான். கண்ணாடித் துண்டில் சிவப்புக் கிருமி ஒன்றுகூடத் தென்படாதபோது, இருபத்திரண்டு வருடம் இந்த வேலை செய்தவள் மறைந்துபோய், அவனுடைய அக்கா மட்டும் மிச்சமாகிப் போனை எடுத்துவிட்டாள். ஒரு பரிசோதகி எந்த நோயாளியிடமும் சொல்லக் கூடாத வார்த்தை அது. போதகர்மேல் இருந்த கோபத்தில் பாதி அந்த இடத்திலேயே என்மேல் திரும்பியது. மீதிப் பாதி அவருக்கு அப்படியே இருந்தது.

திங்கட்கிழமை காலை நடந்ததை டாக்டரிடம் சொன்னேன். நல்ல டாக்டர். கைராசிக்காரர் என்று பெயர். ஆனால் அவர் நாற்காலியைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார்.

“நான் சொல்லிக்கிட்டே இருக்கேன்ல? ஒண்ணு மைக்ராஸ்கோப், இல்ல ஜெபம். ரெண்டு குதிரையில ஒரே நேரத்துல போக முடியாதும்மா. போகட்டும், அவங்க ஆண்டவர் பாத்துக்குவார்.” பதிவேட்டைத் திறந்து தம்பியின் வரிசையில் சிவப்புப் பேனாவை வைத்தார். “சிகிச்சையைக் கைவிட்டவர்.”

“சார், எழுதாதீங்க. ஒரு வேளைதான் தவறியிருக்கு.”

“இந்த மாதிரி ஆள் திரும்பி வரமாட்டாங்கம்மா. அனுபவத்துல சொல்றேன்.”

“ஒரு போன் போட்டீங்களா சார்?”

“நான் எதுக்குப் போடணும்?”

“அவர் ஒரு மேசை போட்டு எங்க ஆளுங்களைச் சாகக் குடுக்குறார். நீங்க ஒரு பேனாவால சாகக் குடுக்குறீங்க. இதுல அறிவியல் எங்க சார் இருக்கு? நான் ஒவ்வொரு ஸ்லைடை வைக்கும்போதும் ஜெபம் பண்ணிட்டுத்தான் பாக்குறேன். உங்களுக்குத் தெரியாது. அந்த ஜெபம் இதுவரைக்கும் ஒரு எண்ணிக்கையையும் மாத்தினதில்ல. நூறு இடம் பாக்கணும்னு விதி. எண்பதுல கண்ணு சோந்துபோய், இது போதும் எழுதிடலாம்னு தோணும். அப்ப மீதி இருபதையும் பாக்க வைக்குதே, அது அந்த ஜெபம்தான். எனக்கு ரெண்டு குதிரை இல்ல சார்.”

அவர் சிரிப்பை நிறுத்தினார். பேனாவை மூடினார். “புதன்கிழமை வரைக்கும்” என்றார். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

வேலை முடிந்ததும் நேராகச் சபைக்குப் போனேன். தம்பி எடுக்காவிட்டால் நான் எடுத்துவிடுவது என்ற முடிவோடுதான் போனேன். மேசை வெறுமையாக இருந்தது. துணியைக்கூடத் துவைக்க எடுத்திருந்தார்கள்.

சாவியம்மா தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். சபையின் எல்லாச் சாவியும் அவர் இடுப்பில்தான் தொங்கும். அவர் வருவதற்கு முன்னால் சாவிக்கொத்தின் சத்தம் வரும்.

“வாம்மா. நேத்தே வருவேன்னு நினைச்சேன்.”

“மேசையில இருந்ததெல்லாம் எங்க சாவியம்மா? தூக்கிப் போட்டுட்டாங்களா?”

“போடச் சொல்லித்தான் சொன்னாங்க.” துடைப்பானைச் சுவரில் சாய்த்துவிட்டு, படிக்கட்டின் அடியில் இருந்த அலமாரியைத் திறந்தார். உள்ளே வரிசையாக அட்டைப் பெட்டிகள். ஒவ்வொன்றின்மேலும் பென்சிலால் ஓர் அடையாளம். “எனக்கு எழுத வராதுல்ல, அதான் படம் போட்டு வெச்சிருக்கேன். இது தையக்காரம்மா கண்ணாடி இருந்த பெட்டி. வியாழக்கிழமை வந்து வாங்கிட்டுப் போயிட்டா. ஊசி கோக்க முடியலையாம். மூணு ஊன்றுகோல்ல ரெண்டு போயிடுச்சு.”

“எல்லாரும் திரும்ப வந்து வாங்குறாங்களா?”

“பெரும்பாலும். பின்வாசல் வழியா வருவாங்க. தலையக் குனிஞ்சிட்டு. நான் ஒண்ணும் கேக்குறதில்ல. துடைச்சுக் கையில குடுத்துடுவேன்.”

“தபால்காரர்?”

“அவருக்கு ரோஷம் ஜாஸ்தி.” காதுக்கருவி இருந்த டப்பாவைத் தட்டினார். “வருவார். பேட்டரிகூடப் புதுசு போட்டு வெச்சிருக்கேன்.”

பதினோரு வருடம் அதே சபையில் உட்கார்ந்திருக்கிறேன். மேடையில் கேட்டதையெல்லாம் விட அந்த அலமாரிக்குள் அதிகமாக விசுவாசம் இருந்ததாக எனக்குத் தோன்றியது. தம்பியின் பெட்டியில் இடிமேகம் மாதிரி ஒரு சுழி வரைந்திருந்தார். உள்ளே மாத்திரைப் பை. அதன்மேல் மடித்து வைத்த என் அறிக்கை.

காகிதத்தைப் பிரித்ததும் கோபம் புதிதாக ஏறியது. பையையும் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு நேராகப் போதகர் அறைக்குப் போனேன். அவர் எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

“ஐயா, இத முழுசா வாசிச்சீங்களா?”

“வாங்க சகோதரி. உட்காருங்க. மாத்திரையை நிறுத்தச் சொல்லி நான் யாருக்கும் சொன்னதே இல்லையே. ஜனங்களோட விசுவாசம், அதுவா அவங்களைச் செய்ய வைக்குது.”

“மேசை போட்டது யாருங்கய்யா? துணி விரிச்சது? மைக்கக் குடுத்தது?”

“கோபப்படாதீங்க. விஞ்ஞானத்துக்கு ஒரு எல்லை இருக்குன்னுதான்…”

“இருக்கு. அந்த எல்லையத்தான் இங்க அச்சடிச்சு வெச்சிருக்கோம். முதல் வரிய மூணு தடவை வாசிச்சீங்க. கடைசி வரிய வாசிங்க.”

அவர் காகிதத்தை வாங்கினார். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார்.

“கண்ணாடியக் கழட்டிட்டு வாசிங்கய்யா” என்றேன். “கழட்டி அந்த மேசையில வெச்சிட்டு வாசிங்க.”

அவர் முகம் சிவந்தது. கண்ணாடியின் காம்பைப் பிடித்த கை அப்படியே நின்றது. கழற்றவில்லை. கடைசி வரியை வாய்க்குள்ளேயே வாசித்தார். பிறகு காகிதத்தை என் பக்கம் தள்ளினார்.

“வர்ற ஞாயிறு அதையும் வாசிப்பீங்களா?”

“ஜெபிச்சிட்டுச் சொல்றேன்” என்றார். ஜெபத்தைக் கதவுத் தாழ்ப்பாள் மாதிரி பயன்படுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வரும் ஆத்திரம், ஜெபமே இல்லாதவர்களிடம் வந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை மதிய இடைவேளையில் தம்பியைப் பரிசோதனைக் கூடத்துக்கு இழுத்து வந்தேன். அவன் மனைவிதான் அனுப்பி வைத்தாள். “அண்ணி, உங்க பேச்சக் கேக்கலன்னா வீட்டுக்கு வராதீங்கன்னு சொல்லிட்டேன்” என்றாள் போனில்.

மறுசோதனைக்காகப் பழைய ஸ்லைடுகளைப் பெட்டியில் பத்திரமாக வைப்போம். முதல் நாளுடையதை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். “பாரு.”

“ஐயோ. என்னக்கா இது, சிவப்பு சிவப்பா, குச்சி மாதிரி…”

“உன் நெஞ்சுல இருந்தது. இப்ப இதப் பாரு. ரெண்டு மாசம் கழிச்சு.”

நீலம் மட்டும். அவன் நிமிர்ந்தான். “இல்லையே!”

“நான் பாத்த நூறு இடத்துல இல்ல. அவ்வளவுதான்டா இந்தக் காகிதம் சொல்லுது. உன் நெஞ்சுக்குள்ள நான் போய்ப் பாக்கல. ஒண்ணுமே இல்லன்னு போன்ல சொன்னேனே, அது தப்பு. உன் அக்கா சந்தோஷத்துல உளறினது. என்னை மன்னிச்சிடு.”

அவன் மறுபடி குனிந்து அந்த நீலத்தைப் பார்த்தான்.

“நீ ஒரு கேட் செய்ற. அங்கங்க புள்ளி வெச்சு ஒட்டுறியே, அதுக்கு என்ன பேரு?”

“டாக்.”

“டாக் வெச்சதும் தூக்கி நிறுத்தினா நிக்குமா?”

“நிக்கும். பாக்க முழு கேட் மாதிரியேதான் இருக்கும்.”

“அப்படியே மாட்டிட்டு வந்துடுவியா?”

அவனுக்குக் கோபமே வந்துவிட்டது. “எவனாவது செய்வானா? சின்னப் புள்ள ஏறி ஆடினா மொத்தமா மேல விழுந்துடும்க்கா. முழு வெல்டிங் ஓட்டாம…” அங்கேயே நிறுத்திக்கொண்டான். தன் தழும்புக் கையை வெகுநேரம் பார்த்தான். பிறகு கையை நீட்டினான். “குடு.”

மாத்திரையை விழுங்கிவிட்டு, “ஆண்டவருக்குக் குடுத்தத எடுத்துட்டேனேக்கா” என்றான் மெல்ல.

“அவருக்கு எதுக்குடா மாத்திரை? உனக்குக் குடுத்ததே அவர்தான்.”

புதன்கிழமை டாக்டர் பதிவேட்டில் நீலப் பேனாவால் ஒரு குறி போட்டார். அன்று மாலையே தம்பிக்குப் போன் செய்து தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னாராம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. போதகர் பிரசங்கித்தார். அறிக்கையைப் பற்றி ஒரு சொல் இல்லை. சாட்சி மேசையில் துணி வெள்ளை வெளேரென்று புதிதாக விரித்திருந்தது. ஒரு பெண் சர்க்கரை நோய் மாத்திரை டப்பாவோடு நடைபாதையில் நின்றாள். இந்த முறை கைதட்டினாலும் உட்காரப்போவதில்லை என்று எழுந்தேன்.

எனக்கு முன்னால் பாடகர் குழுவில் தம்பி எழுந்தான். மைக் அவனுக்குத் தேவைப்படவில்லை.

“போன வாரம் என் சாட்சியில ஒரு வரி விட்டுப்போச்சு” என்றான். சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்தான். ஜன்னல் கண்ணாடி அதிர வாசித்தான். “‘சிகிச்சையைத் தொடரவும்.’”

சாவிச் சத்தம் கேட்டது. சாவியம்மா ஒரு டம்ளர் தண்ணீரோடு பக்கவாட்டிலிருந்து நடந்து வந்தார். தம்பி எல்லோரும் பார்க்க அன்றைய மாத்திரையை விழுங்கினான்.

போதகர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். டப்பாவோடு நின்ற பெண், அதைத் திரும்பக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

முன்வரிசையிலிருந்து ஒரே ஒரு குரல் வந்தது. காதில் கருவியோடு உட்கார்ந்திருந்தார் தபால்காரர்.

“ஆமென்” என்றார், யார் வாயையும் பார்க்காமல்.