நாலு மீட்டர் இருபது

உப்பளத்துத் தர்காவுக்குப் போகும் தெருவின் முகப்பில் பிரெஞ்சுக்காரர் காலத்து வளைவு ஒன்று இருக்கிறது. தெருவுக்குத் தார் போட்டால், போட்ட கனத்துக்குச் சரியாக அது உயர்ந்துகொள்ளும். உயரம் நாலு மீட்டர் இருபது சென்டி என்று அதன் தூணில் பிரெஞ்சில் வெட்டியிருக்கிறது. வெட்டிய நாள் முதல் அந்தக் கணக்கு பிசகியதில்லை. நாம் வாங்கும் கதவு ஒரு மழைக்கே சட்டத்துக்குள் சேர மாட்டேன் என்கிறது. இந்த வளைவைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத்தான் தோன்றுகிறது. வருஷாவருஷம் கந்தூரித் திருவிழாவில் தேர்போல இழுத்து வரும் சந்தனக்கூடு இதற்குள் நுழையும்போது கூட்டின் உச்சிக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கும், கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. தர்கா நிர்வாகி கமருஸ்ஸமான் இதை யாரிடமும் சொன்னதில்லை. பிரெஞ்சுக்காரன் கட்டிய வளைவெல்லாம் அப்படித்தான் என்று அவர் பாட்டுக்கு இருந்துவிட்டார்.

வினை முதலியார்பேட்டைத் தணிகாசலத்துக்கு வந்தது. ரோடு மேஸ்திரியான அவர் பத்தொன்பது வருஷத்தில் அந்தத் தெருவுக்கு நான்கு முறை தார் போட்டிருந்தார். நான்கு முறை போட்டும் வளைவின் உயரம் ஏன் குறையவில்லை என்று கோப்பில் யாரோ கேள்வி எழுப்ப, ரோடே போடவில்லை என்று முடிவு கட்டி அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். தெருவில் வீட்டுக்கு வீடு இரண்டு படி புதைந்து கிடந்ததை ஒருவரும் சாட்சியாக எடுத்துக்கொள்ளவில்லை, கோப்பில் வளைவுக்கு மட்டும்தான் அளவு இருந்தது. தணிகாசலம் மூன்று மாதம் வீட்டைவிட்டு வெளியே தலைகாட்டவில்லை. நல்ல வேலைக்காரனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

விசாரணைக்கு வந்த அதிகாரி நிர்மலாதேவி நேர்மையானவர். தன் கண்முன்னாலேயே ஒரு முறை தார் போட்டுக் காட்டச் சொன்னார். உருளை ஓடி முடிந்ததும் டேப்பைப் பிடித்தார்கள். நாலு மீட்டர் பதினைந்து. வளைவு அசையவே இல்லை. தணிகாசலம் சூடு ஆறாத தாரின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நிர்மலாதேவி பேனாவைத் திறந்தார்.

அப்போதுதான் கமருஸ்ஸமானுக்கு உறைத்தது. அதுவரை எடுத்த அளவெல்லாம் கந்தூரி முடிந்த பிறகு எடுத்தவை.

"மேடம், அது சும்மா ஏறாது. கூடு வரணும்," என்றார்.

கந்தூரிக்கு இன்னும் ஆறு மாதம் இருந்தது. நாளல்லாத நாளில் கூட்டை வெளியே எடுத்த வழக்கமே கிடையாது. சொல்லிவிட்டாரே தவிர, கூடு நிற்கும் கொட்டகையின் சாவியை இடுப்பிலிருந்து எடுக்க அவருக்குக் கை வரவில்லை. அவர் மனைவி பரீதா பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஒரு மனுசன் சோத்துல மண்ணு விழுவுது. உள்ள அடங்கியிருக்கிற அவுலியா கோவிச்சிக்க மாட்டாங்க. தொறங்க," என்றாள்.

பூவும் விளக்கும் இல்லாத வெறுங்கூட்டைத் தெருவே சேர்ந்து இழுத்தது. தணிகாசலமும் வடத்தில் கை வைத்தார். ஐந்து சென்டி குறைந்திருந்தாலும் கூடு இடிக்காமல் போயிருக்கும். ஆனாலும் கூடு கிட்டே வந்ததும், பெரியவரைக் கண்டு நாற்காலியை விட்டு எழுகிறவர்போல வளைவு எழுந்து நின்றது. நிர்மலாதேவி மூன்று முறை அளந்தார். நாலு இருபது. "ரோடு போடப்பட்டது. வளைவு எழுந்தது," என்று எழுதிக் கையெழுத்திட்டார். மேலிடத்தில் யாரும் மறு கேள்வி கேட்கவில்லை, தணிகாசலத்துக்கு வேலை திரும்பக் கிடைத்தது. இப்போதெல்லாம் அந்தத் தெருவுக்கான வேலை உத்தரவில், தார் போட்டதும் கூட்டை ஒரு முறை இழுக்கவும் என்று ஒரு வரி சேர்ந்தே வருகிறது.

தணிகாசலம் போன வருஷம் ஓய்வு பெற்றார். மறுநாள் சர்க்கரைப் பொட்டலத்தோடு, தர்காவில் ஃபாத்திஹா ஓதக் கொடுக்கத் தனியாக நடந்து வந்தார். கந்தூரியும் இல்லை, தாரும் போடவில்லை. அவர் கிட்டே வந்ததும் வளைவு எழுந்தது.

"இருக்கட்டும், உக்காரு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.