கீழ்த்தட்டுப் பயணி

மான்செஸ்டரிலிருந்து சகலை வருகிறார் என்று தெரிந்தாலே லிவர்பூல்காரர் வில்ஃப் ரிம்மருக்குச் சாப்பாடு இறங்காது. அக்காள் நோரீனை வில்ஃப் கட்டிக்கொண்டார்; தங்கை ஐலீனைக் கிளிஃபர்ட் கட்டிக்கொண்டார். அன்றிலிருந்து இரண்டு ஊர்களும் இந்த இரண்டு பேர் வாயால்தான் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. லிவர்பூலில் எதைக் காட்டினாலும் சரி, "எங்க ஊர்ல இதைவிடப் பெருசா இருக்கே" என்பார் கிளிஃபர்ட்.

இந்தத் தடவை காலைச் சாப்பாட்டிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"ஏன் சகல, உலகப் பாரம்பரியப் பட்டியல்லேருந்து உங்க ஊரு பேரை அடிச்சிட்டாங்களாமே?"

"அடிக்கலைய்யா. நாங்களே வேணாம்னு விட்டுட்டோம்" என்றார் வில்ஃப்.

நோரீன் சிரிப்பை மறைக்க டீக் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்தாள். அது வில்ஃபுக்கு இன்னும் உறைத்தது.

"எந்திரிங்க எல்லாரும். இன்னைக்கு நான் ஊரைக் காட்டறேன். சாயங்காலம் இந்த மனுஷன் வாயடைச்சுப் போய்த் திரும்பலைன்னா பாருங்க."

வீறாப்பாகச் சொல்லிவிட்டாரே தவிர, அவருக்கு ஊர் தெரிந்தது பஸ் கண்ணாடி வழியாகத்தான். பாதி ஆயுசை ஓட்டுநர் இருக்கையில் கழித்தவர். எந்தக் கோபுரத்தருகே எந்த நிறுத்தம் என்று தூக்கத்தில்கூடச் சொல்வார். உள்ளே ஒன்றிலும் கால் வைத்ததில்லை. அடிக்கடி பிடித்துக்கொள்ளும் முழங்கால் வேறு. அன்று அதையும் இழுத்துக்கொண்டு நடந்தார்.

முதலில் இரண்டு பேராலயங்கள். "ஒரு ஊருக்கு ரெண்டு எதுக்கு சகல? பாவம் அவ்வளவு ஜாஸ்தியா?" என்றார் கிளிஃபர்ட். பிறகு படகேறி மெர்ஸி ஆற்றைச் சுற்றினார்கள். காற்று காதைப் பிய்த்தது. கிளிஃபர்ட் கம்பியைப் பிடித்தபடி, "இவ்வளவு தண்ணி வச்சிருந்து என்ன புண்ணியம்? நாங்க ஒரு கால்வாய் வெட்டினோம், கப்பலெல்லாம் எங்க வீட்டு வாசலுக்கே வந்துச்சு" என்றார்.

"வந்த கப்பலெல்லாம் இப்ப எங்கய்யா?"

கிளிஃபர்ட் காற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். வில்ஃபுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது.

கரைக்கு வந்ததும், பழைய சரக்குக் கிடங்குகளில் புதிதாக முளைத்த கடைகளுக்குள் பெண்கள் இருவரும் சோப்பு வாங்கப் புகுந்துகொண்டார்கள். ஆண்கள் பக்கத்திலிருந்த துறைமுக அருங்காட்சியகத்துக்குள் போனார்கள். கிளிஃபர்ட் கப்பல் பொம்மைகளைப் பார்க்க ஒதுங்கினார். வில்ஃப் நாற்காலி தேடி அலைந்து, பிழைப்புக்காக அமெரிக்கா போன ஏழைகளின் கப்பல் அறையை அப்படியே கட்டி வைத்திருந்த இருட்டு மூலைக்கு வந்து சேர்ந்தார். இரண்டடுக்குப் பலகைப் படுக்கைகள், வைக்கோல் மெத்தை, முரட்டுப் போர்வை, சால்வை போர்த்திய பொம்மைகள். எங்கிருந்தோ அலைச்சத்தம் மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தது.

யாரும் நுழையாமலிருக்கக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டிக் கீழ்ப்படுக்கையில் உட்கார்ந்தார். ஒரு நிமிஷம்தான் என்று சாய்ந்தார். குளிருக்குப் போர்வையை இழுத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

பேச்சுக்குரல் கேட்டு விழிப்பு வந்தபோது, உல்லாசக் கப்பலில் வந்திறங்கிய அமெரிக்கர்களின் கூட்டம் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தது. வில்ஃப் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"எவ்வளவு தத்ரூபமா செஞ்சிருக்காங்க பாருங்க" என்றான் வழிகாட்டி. "பசி, பட்டினி, காய்ச்சல். எல்லாம் அந்த மூஞ்சியிலயே தெரியுது."

"பட்டினியா? தொப்பை இருக்கே தம்பி" என்றார் ஒருவர்.

வழிகாட்டி கொஞ்சம் யோசித்தான். "பட்டினியில வர்ற வீக்கம் சார் அது."

வில்ஃபுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எழுந்தால் மானம் போகும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். கூட்டம் நகர்ந்தது. ஒரு காலடி மட்டும் நகரவில்லை. கயிற்றைத் தூக்கிக்கொண்டு ஒரு அம்மாள் உள்ளே வந்து படுக்கையருகே மண்டியிட்டார்.

"தாத்தா" என்றார் மெதுவாக. "நான் உங்க கொள்ளுப்பேத்தி லொரெட்டா. நார்வேலேருந்து இந்த ஊர் வழியாத்தான் நீங்க போனீங்களாம். நல்லபடியாப் போய்ச் சேர்ந்துட்டீங்க. மினசோட்டாவுல நிலம் கிடைச்சுது, புள்ளைங்க பொறந்தாங்க. ஆனா சாகிற வரைக்கும் நீங்க கட்டில்லயே படுக்கலையாம், சமையல்கட்டுத் தரையிலதான் படுத்தீங்களாம். கிறுக்குன்னு வீட்டுல சிரிப்பாங்க. இந்தப் பலகையைப் பார்த்தப்புறம்தான் எனக்குப் புரியுது, படுக்கைன்னாலே உங்களுக்கு இதுதான் ஞாபகம் வந்திருக்கும்."

லொரெட்டா போர்வையை அவர் கழுத்துவரை இழுத்துச் சரிசெய்தார். வில்ஃபின் மூடிய கண்ணிலிருந்து நீர் கசிந்து நேரே காதுக்குள் இறங்கியது. காது குறுகுறுத்தது தாங்காமல் தலையை உதறினார்.

லொரெட்டா வீறிட்டார். பதறி எழுந்த வில்ஃபின் தலை மேல் பலகையில் மடாரென்று மோதியது.

"பார்த்து சகல, என்னையும் சேர்த்துக் கவுத்துடாதீங்க!" என்றது மேல் படுக்கை.

அங்கே கிளிஃபர்ட் படுத்திருந்தார். தேடி வந்தவர் சகலை குறட்டை விடுவதைப் பார்த்துவிட்டுச் சிரித்திருக்கிறார். பிறகு, நடந்து நடந்து தன் குதிகாலில் வந்த கொப்புளத்தை நினைத்துப் பார்த்து மேலே ஏறிவிட்டார்.

சத்தம் கேட்டு ஓடிவந்த காவலாளிப் பெண் இடுப்பில் கைவைத்து நின்றாள். "ரெண்டு பேரும் எறங்குங்க. இந்தப் பொம்மைங்களுக்கு இருக்கிற ஒழுக்கம்கூட உங்களுக்கு இல்லையா?"

வில்ஃப் தொப்பியைக் கையில் கசக்கியபடி லொரெட்டாவிடம் மன்னிப்புக் கேட்டார். அந்த அம்மாளுக்கு முதலில் கோபம் வந்தது. அடுத்து, மேலேயிருந்து பின்புறமாக இறங்க முடியாமல் காலை ஆட்டிக்கொண்டிருந்த கிளிஃபர்டைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க ஏன் அழுதீங்க?" என்று கேட்டார் வில்ஃபிடம்.

"தூசிம்மா."

"பொய்" என்றார் கிளிஃபர்ட். தரைக்கு வந்திருந்தார், அவர் மூக்கும் சிவந்துதான் இருந்தது. "தாத்தா கப்பலேறின கரையைப் பார்த்தீங்களாம்மா? இல்லையா? வாங்க, நான் காட்டறேன். இந்த மாதிரி ஒரு ஆத்தை எங்க ஊர்ல தலைகீழா நின்னாலும் பார்க்க முடியாது."

சொல்லிவிட்டு அப்படியே நின்றார். ஓரக்கண்ணால் சகலையைப் பார்த்தார்.

வில்ஃபுக்கு நாக்கு துறுதுறுத்தது. எத்தனை வருஷக் கணக்கு! கிளிஃபர்ட் நொண்டியபடி அந்த அம்மாளுக்குக் கதவைத் திறந்துவிடுவதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் பின்னாலேயே நடந்தார். முழங்கால் வலிகூட அன்றைக்கு அவரை அவ்வளவு படுத்தவில்லை.