வாய் வைத்த சொம்பு

மாரிகுப்பம் தங்கச் சுரங்கத்துக் கூலி லைனில் சயரோகத்தைத் தோற்கடித்த ஒரே மனிதர் பெருமாள் மேஸ்திரிதான். அந்த வெற்றிவீரரைத்தான் அன்று காலை நாலு பேர் தாங்கிப் பிடித்துக் கடைசியாகக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். இருந்த எடைக்கு இரண்டு பேர் போதும். மற்ற இருவர் மரியாதைக்கு.

தண்ணீர் மொண்டு கொடுத்த பார்வதம்மா வாசலையே பார்த்தாள். சம்பந்தியாகப்போகிற முனியப்பன் வருவாரா?

வாலிபத்தில், ஆற்காட்டுப் பக்கம் ரத்தம் கக்கிப் பிழைத்தவர் அவள் புருஷன். பிறகுதான் இங்கே வந்து சுரங்கத்தில் இறங்கினார். "அந்த நோவையே முழுங்கி ஏப்பம் உட்டவன் நானு" என்பார். நம்பாதவர்களுக்கு ஒரு பரீட்சை உண்டு. தன் பித்தளைச் சொம்பில் வாய் வைத்துக் குடித்துவிட்டு நீட்டுவார். "அண்ணாந்து குடிக்கக் கூடாது. வாய் வை!" மகள் மங்கம்மாவைப் பெண் கேட்டு வந்த முனியப்பனும் வாய் வைத்த பிறகுதான் வெற்றிலை மாறியது.

முனியப்பன் வந்த நேரம், ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போடும் டிரஸ்ஸர் மாணிக்கராஜ் பேசிக்கொண்டிருந்தார்.

"அந்த நோவு போவவே இல்லம்மா. கண்ணுக்குத் தெரியாத கிருமி. நெஞ்சுக்குள்ள கூடு கட்டிக்கினு படுத்துனு இருந்திருக்குது. ஒடம்பு தளந்ததும் எழுந்துக்கிச்சி."

"இத்தினி வருசமாவா?"

"சாவாம கெடக்கும்னு டாக்டர் துரை சொல்றாரு. கூடப் பொழங்கினவங்க நெஞ்சுலயும் படுத்துனு இருக்கலாமாம்."

பாடை கட்டியவர்களின் கை நின்றது. எல்லார் கண்ணும் மாடத்துச் சொம்புக்குப் போனது. லைனில் அதில் வாய் வைக்காத ஆம்பிளை இல்லை.

முனியப்பன் தன் நெஞ்சை ஒரு தரம் தடவிக்கொண்டார். சம்பந்தத்தை முறித்தால் காரணம் சொல்ல வேண்டும். சொன்னால், அவர் மகனுக்குத்தான் எவன் பெண் கொடுப்பான்?

"இன்னாய்யா, நோவு கீவுன்னுக்கினு?" என்று அதட்டினார். "அத்தனையும் சுரங்கத்துத் தூசி! மச்சான் அந்த நோவை எப்பவோ ஜெயிச்சிட்டாரு. தங்கச்சி, கருமாதி முடியட்டும், கல்யாணத்த வெச்சிக்கலாம்."

"தூசிதான், தூசிதான்" என்று லைனே ஒத்துக்கொண்டது. கொஞ்சம் யோசித்து மாணிக்கராஜும் தலையாட்டினார். போன கிறிஸ்துமஸில் அவரும் வாய் வைத்தவர்.

பார்வதம்மாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, துக்க வீடு.

பாடையைத் தூக்கும் முன் முனியப்பன் தண்ணீர் கேட்டார். அவள் அந்தச் சொம்பில்தான் கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் வாங்கி, நெற்றிக்கு மேலே தூக்கி, அண்ணாந்து குடித்தார்.

பாதித் தண்ணீர் சட்டையில் கொட்டியது.