தொட்டில் அறை

எங்கள் சட்டைக் கம்பெனியில் எனக்கு ‘வருமுன் காப்பாள்’ என்று பட்டப்பெயர். வைத்தவர் மேனேஜர். தொழிலாளர் சட்டப்படி எங்கெங்கே ஓட்டை இருக்கிறது என்று பார்த்து, ஆய்வாளர் வருவதற்குள் அடைப்பது என் வேலை. அடைக்க விடாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை.

பிரசவம் முடிந்து வேலைக்குத் திரும்பியிருந்த காலர் தைக்கும் பெண்ணை ஒருநாள் கழிப்பறையில் பார்த்தேன். வாஷ்பேசினில் பாலைப் பீய்ச்சிக்கொண்டு அழுதாள்.

“வீட்ல நாத்தனார் பாத்துக்கிறா மேடம். அவன் முழிக்கிறதுக்கு முன்ன கிளம்பி வந்துடுறேன், ஓவர்டைம் முடிச்சு அவன் தூங்கினப்புறம்தான் போறேன். இங்க பால் கட்டி உயிர் போகுது. அங்க அவன் புட்டிப்பால் குடிக்கிறான்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை பெண்கள் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகளுக்கு ஓர் அறையும், பால் கொடுக்க இடைவேளையும் சட்டப்படி கட்டாயம். நேராக மேனேஜரிடம் போனேன்.

“யாராச்சும் கேட்டாங்களா? சும்மா கிடக்கிற சங்கை ஊதிக் கெடுக்காதீங்க.”

“கேட்டா வேலை போயிடும்னு பயப்படுறவ எப்படி சார் கேப்பா?”

நான் விடவில்லை. நச்சரிப்பு தாங்காமல் நூல் பெட்டிகள் இருந்த அறையைக் கொடுத்தார். பெட்டிகளை எங்கே மாற்றுவது என்று ஒரு மாதம் போனது. சுவருக்கு என்ன நிறம் என்று இன்னொரு மாதம். தொட்டில் வந்தாயிற்று, திறந்து தொலையுங்கள் என்று கத்தினேன். முதலாளி வெளியூரிலிருந்து வந்து ரிப்பன் வெட்ட வேண்டுமாம்.

ஒருவழியாகத் திறந்தோம். நாத்தனார் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். காலர்காரி மிஷினை நிறுத்திவிட்டு ஓடிவந்து கை நீட்டினாள். அவன் வீறிட்டு அழுது, நாத்தனாரின் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

“புது இடமில்லையா அண்ணி, அதான்,” என்றாள் நாத்தனார், பாவம்.

“இடம் மட்டுமா புதுசு?” என்றாள் காலர்காரி.

ஏதாவது பேச வேண்டுமே என்று, “இனிமே தினம் ரெண்டு வேளை வந்து பால் குடுக்கலாம்மா,” என்றேன்.

“வத்திப்போச்சு மேடம்.”

அவள் குரலில் கோபமே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. நல்ல வருமுன் காப்பாள் நான்.

ஆயா வேலைக்கு நாத்தனாரையே எடுத்துக்கொண்டோம். அவள் இல்லாமல் அவன் இருக்கமாட்டான்.

மறுநாள் பால் இடைவேளைக்குக் காலர்காரி வந்தாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தான். கண் விழித்தால் தன்னைப் பார்த்து அழுவான் என்று தொட்டில் பக்கம்கூடப் போகவில்லை. மணி அடிக்கும்வரை கதவருகிலேயே நின்று பார்த்துவிட்டு, மிஷினுக்குத் திரும்பினாள்.